எரிச்சல் அடங்கினால் போதுமா?

சிறுநீர் போகும்போது எரிந்தால் நம் ஊரில் முதல் பழி உடம்புச் சூட்டின் மேல்தான் விழும். இளநீர் குடிப்பார்கள், மோர் குடிப்பார்கள், வெந்தயத்தை ஊறவைத்து விழுங்குவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மருந்துக்கடையில் தயங்கித் தயங்கிச் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். எரிச்சல் குறைந்ததும் விஷயம் முடிந்துவிடும். கோடைக்கால நீர்க்கடுப்புக்குத் தண்ணீர் குடிப்பது நல்லதுதான். ஆனால் இளம் வயது அல்லது நடுவயது ஆண் ஒருவருக்குச் சிறுநீர்த் துவாரத்தில் எரிச்சலோடு, வெள்ளையாகவோ தெளிவாகவோ நீரும் கசிந்தால், அது பெரும்பாலும் சிறுநீர்க்குழாயின் உட்சுவரில் ஏற்பட்ட அழற்சி. பெரும்பாலும் உடலுறவு வழியாகத் தொற்றும் கிருமியே அதற்குக் காரணம். மருத்துவர்கள் இதை இரண்டாகப் பிரிப்பார்கள். மேகவெட்டை என்று நம் பெரியவர்கள் சொன்ன கொனோரியா ஒரு வகை. கொனோரியாக் கிருமி இல்லாமல் வரும் மற்ற எல்லா அழற்சிகளும் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைத்தான் நீண்ட காலம் ‘குறிப்பிட்ட காரணம் இல்லாத’ அழற்சி என்று எழுதிவந்தார்கள். அதைப் பற்றிய நூறாண்டு ஆராய்ச்சி ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பக் கற்பித்திருக்கிறது: அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுத்தால் அறிகுறிதான் போகும், நோய் போக வேண்டுமானால் கிருமியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

1879-இல் ஆல்பர்ட் நைசர் கொனோரியாக் கிருமியைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளில் கிராம் சாயமேற்றும் முறையும் வந்தது. ஒரு சொட்டுச் சீழைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் சீழணுக்களுக்குள் அந்தக் கிருமி இணை இணையாகத் தெரியும். மருத்துவத்துக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அதே வெற்றி ஒரு புதிரையும் கொண்டுவந்தது. சீழணுக்கள் நிறைய இருந்தும் நைசரின் கிருமி எங்கும் தென்படாத நோயாளிகள் ஏராளமாக இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பென்சிலின் வந்தபோது புதிர் இன்னும் கூர்மையானது. கொனோரியா அந்த மருந்தில் மளமளவென்று குணமாயிற்று. ஆனால் குணமானவர்களில் ஒரு பகுதியினர் சில வாரங்களில் மெல்லிய கசிவோடு திரும்பி வந்தார்கள். அவர்களிடம் கொனோரியாக் கிருமி இல்லை. முதல் கிருமி போனபின் இரண்டாவது ஒன்று வெளிப்படுகிறது என்பது மட்டும் தெரிந்தது.

அந்த இரண்டாவது கிருமிக்கான தடயம் அதற்கு வெகு முன்பே கிடைத்திருந்தது. அதுவும் பாலியல் நோய் மருத்துவமனையில் கிடைக்கவில்லை. ஒரு கண்நோய் ஆராய்ச்சியில் கிடைத்தது. 1907-இல் ஜாவா தீவில், பார்வையைப் பறிக்கும் ட்ரகோமா நோயை ஆராய்ந்த ஹால்பர்ஷ்டேட்டரும் புரோவாசெக்கும் பாதிக்கப்பட்ட கண் செல்களுக்குள் விசித்திரமான சிறு திரள்களைப் பார்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், பிறந்த சில நாட்களில் கண் சீழ்பிடித்த குழந்தைகளிடமும், அக்குழந்தைகளின் தாய்மாருடைய கருப்பை வாயிலும், கொனோரியா இல்லாத ஆண்களின் சிறுநீர்க்குழாயிலும் அதே திரள்கள் தென்பட்டன. தந்தையிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்கும் போகும் வழி அப்போதே கண்ணில் பட்டுவிட்டது. அந்தக் கிருமியைத் தனியே வளர்க்கத்தான் முடியவில்லை. கிளமிடியா என்று இன்று நாம் அழைக்கும் அது உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால் மட்டுமே பெருகும். சாதாரண கல்ச்சர் தட்டில் அது முளைக்காது. அதனால் பல காலம் அதை வைரஸ் என்றே எண்ணினார்கள். 1957-இல் சீன விஞ்ஞானி டாங் ஃபெய்ஃபானும் அவரது குழுவினரும் கோழி முட்டைக் கருவின் மஞ்சள் பையில் ட்ரகோமாக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 1959-இல் லண்டனில், கண் சீழ்பிடித்த குழந்தை ஒன்றின் தாயிடமிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. 1965-இல் செல் வளர்ப்பு முறை வந்தபின் மருத்துவமனைகளில் பெரிய அளவில் பரிசோதிக்க வழி பிறந்தது. தடயத்துக்கும் உறுதிக்கும் இடையே அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. பென்சிலினுக்குப் பின் திரும்பி வந்தவர்களின் புதிரும் அவிழ்ந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கிருமிகளும் தொற்றியவர்கள் அவர்கள். விரைவில் வெளிப்படும் கொனோரியா பென்சிலினில் அழிந்தது; மெதுவாக வெளிப்படும் கிளமிடியா அந்த மருந்தைத் தாண்டிப் பிழைத்துக்கொண்டது.

கிளமிடியாவைக் கணக்கிலிருந்து கழித்த பிறகும் காரணம் தெரியாதவர்கள் மீந்தார்கள். 1980-இல் லண்டன் புனித மேரி மருத்துவமனைக்கு வந்த 13 ஆண்களில் இருவரிடமிருந்து மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டேலியம் என்ற கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. டல்லி, டெய்லர்-ராபின்சன் ஆகியோரின் குழு அடுத்த ஆண்டு இதை வெளியிட்டது. இந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. ஆகவே செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் வகை மருந்துகளால் அதை ஒன்றும் செய்ய முடியாது. கல்ச்சரில் வாரக்கணக்கில் காத்திருந்தாலும் பெரும்பாலும் வளர மறுக்கும். அதன் மரபணுத் தொகுதி மிகச் சிறியது. ஏறக்குறைய 5,80,000 எழுத்துகள்தான். அதனாலேயே 1995-இல் முதன்முதலாக முழு மரபணுவும் படிக்கப்பட்ட உயிரினங்களில் ஒன்றாக அது உலகப் புகழ் பெற்றது. ஆனால் மருத்துவமனையில் அதைத் தேடிப் பிடிக்கும் வழி பிசிஆர் பரிசோதனை வந்த 1990-களில்தான் திறந்தது. கோவிட் காலத்தில் நாமெல்லாரும் அறிந்துகொண்ட அதே பிசிஆர்தான். இப்போது கிடைத்துள்ள கணக்குப்படி, கொனோரியா அல்லாத அழற்சியில் 15 முதல் 40 விழுக்காடு வரை கிளமிடியாவாலும், 15 முதல் 25 விழுக்காடு வரை இந்த மைக்கோபிளாஸ்மாவாலும் வருகிறது. டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி, ஹெர்ப்பிஸ் வைரஸ், அடினோ வைரஸ் ஆகியவையும் காரணமாகலாம். இத்தனையையும் தேடிப் பார்த்த பிறகும் கணிசமானோருக்குக் காரணம் அகப்படுவதில்லை.

அப்படியானால் கையில் கிடைக்கும் எல்லாக் கிருமிக்கும் பரிசோதனை செய்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஆராய்ச்சியின் மிக நுட்பமான பாடம் இருக்கிறது. ஓரிடத்தில் ஒரு கிருமி இருப்பது வேறு, அங்கே நோயை உண்டாக்குவது வேறு. 1954-இல் ஷெப்பர்டு கண்டறிந்த யூரியாபிளாஸ்மா இதற்கு நல்ல சான்று. அழற்சி உள்ள ஆண்களிடம் அது கிடைத்தது. ஆனால் எந்தத் தொல்லையும் இல்லாத ஆண்களிடமும் பெண்களிடமும் அது தாராளமாக இருந்தது. இந்த முடிச்சை அவிழ்க்க டெய்லர்-ராபின்சன் சகா ஒருவரோடு சேர்ந்து தம் சிறுநீர்க்குழாயிலேயே அதைச் செலுத்திப் பார்த்தார். இருவருக்கும் அழற்சி வந்தது. 1977-இல் அந்த முடிவு வெளியாயிற்று. நோய் உண்டாக்கும் ஆற்றல் அதற்கு இருக்கிறது என்று தெரிந்தது. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட நோயாளியிடம் அது இருந்தால் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்ற நிலை மாறவில்லை. ஆகவே ஐரோப்பிய வல்லுநர்கள் இதற்காக எல்லாரையும் சோதிக்க வேண்டாம் என்கிறார்கள். மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டேலியத்துக்கும், அறிகுறி எதுவும் இல்லாதவர்களிடம் தேடிப் போக வேண்டாம் என்பதே வழிகாட்டுதல்களின் கருத்து. பத்துப் பதினைந்து கிருமிகளின் பெயரை வரிசையாக அச்சிட்டுத் தரும் விலையுயர்ந்த லேப் பரிசோதனைகள், பயந்துபோன ஒருவருக்கு இல்லாத நோயை உண்டென்று காட்டித் தேவையற்ற மருந்துக்கு வழிவிடக்கூடும். கிருமியைக் கண்டுபிடி என்பதன் பொருள், கேள்விக்குப் பொருந்தும் கிருமியைத் தேடு என்பதே.

கண்டுபிடிக்காமல் மருந்து கொடுப்பதன் விலை என்ன என்பதை அசித்ரோமைசினின் கதை சொல்லும். 1990-களில் கிளமிடியாவுக்கு ஒரே வேளையில் 1 கிராம் அசித்ரோமைசின் போதும் என்றானபோது மருத்துவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஏழு நாள் தினமும் இரண்டு வேளை டாக்சிசைக்ளின் சாப்பிடச் சொன்னால் பாதியில் விட்டுவிடுபவர்கள் உண்டு. அசித்ரோமைசினையோ மருத்துவர் கண்முன்னே விழுங்கவைத்து அனுப்பலாம். ஆனால் அழற்சி உள்ள எல்லோருக்கும் இந்த ஒற்றை வேளை மருந்தைக் கொடுத்தபோது, பரிசோதிக்கப்படாத மைக்கோபிளாஸ்மாவும் அந்த மருந்தைச் சந்தித்தது. அதைக் கொல்ல அந்த அளவு பல நேரம் போதவில்லை. பிழைத்தவை மரபணு மாற்றத்தோடு பெருகின. உலகம் முழுவதிலும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்த மருந்து வகைக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற மைக்கோபிளாஸ்மா 2010-க்கு முன் 10 விழுக்காடாக இருந்தது, 2016-17-இல் 51 விழுக்காடாக ஏறியிருந்தது. ஒரு பத்தாண்டுக்குள் ஒரு நல்ல மருந்து பாதிப் பேருக்குப் பயனற்றுப் போயிற்று. இதன் பிறகுதான் வழிகாட்டுதல்கள் திரும்பின. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-இல் கொனோரியா அல்லாத அழற்சிக்கு முதல் மருந்தாக மறுபடியும் ஏழு நாள் டாக்சிசைக்ளினையே முன்வைத்தது. மெல்பர்ன் ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். முதலில் டாக்சிசைக்ளின் கொடுத்துக் கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அதற்குள் எதிர்ப்புத் திறன் இருக்கிறதா என்று பரிசோதித்து அதற்கேற்ற இரண்டாவது மருந்தைத் தேர்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமானார்கள். மருந்துகள் ஏற்கெனவே இருந்தவைதாம். பரிசோதித்துத் தேர்ந்ததே வெற்றியைத் தந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பிசிஆர் வசதி உள்ள நாடுகளுக்கு இது சரி, நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். இந்தியாவில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டப்படி, அறிகுறியை வைத்தே சிகிச்சை தரப்படுகிறது. சிறுநீர்த் துவாரத்தில் கசிவு என்றால் அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் அடங்கிய சாம்பல் நிற மருந்துப் பொட்டலம். நோயாளி திரும்பி வருவார் என்று நம்ப முடியாத இடத்தில், வந்த அன்றே கொனோரியா, கிளமிடியா இரண்டுக்கும் மருந்து கொடுத்து அனுப்புவது பல்லாயிரம் பேரைக் காப்பாற்றிய ஏற்பாடு. அதைக் குறைசொல்வது நியாயமாகாது. ஆனால் அந்த முறைக்கு இரண்டு எல்லைகள் உள்ளன. அறிகுறி இல்லாதவர்களை அது பார்ப்பதே இல்லை. கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறி எதுவும் கிடையாது. கருக்குழாய் அடைபட்டுக் குழந்தையில்லை என்று மருத்துவமனைக்கு வரும்போதுதான் பழைய தொற்று தெரியவருகிறது. மற்றொன்று, பொட்டலம் வாங்கியும் குணமாகாதவரிடம் எந்தக் கிருமி எஞ்சியிருக்கிறது என்பதை அந்த முறையால் சொல்ல முடியாது. அதே மருந்தை மீண்டும் கொடுப்பது எதிர்ப்புத் திறனைத்தான் வளர்க்கும். பரிசோதனை எட்டாக்கனி என்ற வாதமும் முன்போல் வலுவாக இல்லை. காசநோயைக் கண்டறிய அரசு மருத்துவமனைகளில் வைத்திருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியிலேயே, வேறு கார்ட்ரிட்ஜைப் பொருத்தினால் கிளமிடியாவையும் கொனோரியாவையும் கண்டறியலாம். கார்ட்ரிட்ஜுக்குச் செலவாகும் என்பது உண்மை. எல்லோருக்கும் முடியாவிட்டால், மருந்துக்குப் பின்னும் கசிவு நிற்காதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் செய்யலாம். 2021-இல் உலக சுகாதார நிறுவனமும், வசதியுள்ள இடங்களில் பரிசோதித்து மருந்து கொடு, இல்லாத இடங்களில் அறிகுறிப்படி கொடு என்றுதான் வழிகாட்டியது.

இன்னொரு மறுப்பு வெட்கத்தைப் பற்றியது. இதைப் போய் யாரிடம் சொல்வது, பரிசோதனைக்கு எப்படி நிற்பது என்று கூசுகிறவர்கள் விளம்பரம் பார்த்து லாட்ஜ் வைத்தியர்களிடம் போகிறார்கள். தாது போய்விட்டது, நரம்பு தளர்ந்துவிட்டது என்று பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களுக்கு இந்த மௌனம்தான் மூலதனம். உண்மையில் இன்றைய பரிசோதனை மிக எளிது. ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்துவிட்டு, முதலில் வரும் சிறுநீரை ஒரு குப்பியில் பிடித்துக் கொடுத்தால் பிசிஆருக்குப் போதும். கிருமி உறுதியாகும்போது துணைவருக்கும் சிகிச்சை தர முடியும். அவரை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிடுவது, ஓட்டை அடைக்காத குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான், மறுபடியும் தொற்றும். சிகிச்சை முடியும் வரை உடலுறவைத் தவிர்ப்பதும், எச்ஐவிக்கும் சிபிலிஸுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் இதோடு சேர்ந்தவை.

காரணம் அகப்படாதவர்களுக்கும் இந்த ஆராய்ச்சியில் ஆறுதல் உண்டு. தொண்டையில் வாழும் ஹீமோஃபிலஸ் போன்ற கிருமிகளும் அடினோ வைரஸும் வாய்ப்புணர்ச்சி வழியாக வந்து அழற்சி உண்டாக்கலாம் என்று அண்மைய ஆய்வுகள் காட்டுகின்றன. சிறுநீர்க்குழாய்க்கும் குடலைப் போலத் தனக்கென்று ஒரு நுண்ணுயிர்ச் சமூகம் இருப்பதும் தெரியவந்துள்ளது. ஆகவே நுண்ணோக்கியில் தெரிந்த சீழணுக்களை மட்டும் வைத்துத் துணைவரின் நடத்தையைச் சந்தேகிப்பது தவறு. சீழணு அழற்சிக்குச் சாட்சி. யாருடைய ஒழுக்கத்துக்கும் அது சாட்சி ஆகாது. எத்தனையோ குடும்பங்களில் இந்த ஒரு தெளிவு இல்லாததால் சண்டையும் பிரிவும் நேர்ந்திருக்கும்.

2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12.9 கோடிப் புதிய கிளமிடியாத் தொற்றுகள் ஏற்பட்டன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஏழு நாள் மாத்திரையில் குணமாகக்கூடிய ஒரு நோய் இவ்வளவு பரவியிருப்பதற்குக் காரணம் மருந்துப் பஞ்சம் அல்ல. நோய் இருப்பதே தெரியாமலும், தெரிந்தும் சொல்லாமலும், சொன்ன இடத்தில் பரிசோதிக்காமலும் விடுவதுதான். இந்த மூன்றையும் மாற்றுவது நம் கையில் இருக்கிறது. எரிச்சலோ கசிவோ வந்தால் மருந்துக்கடைக்குப் போகாமல் அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும். கொடுத்த மருந்தை முழுதும் முடித்த பிறகும் தொல்லை நீடித்தால், அதே மாத்திரையை இன்னொரு முறை கேட்காமல், எந்தக் கிருமி என்று பார்க்கும்படி மருத்துவரைக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவருக்குப் பதில் தரக்கூடிய பரிசோதனைக் கருவியை மாவட்டத் தலைநகர் மருத்துவமனைகளிலாவது இந்த நோய்க்கும் பயன்படுத்த அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். நூறாண்டுகளாக விஞ்ஞானிகள் ஒவ்வொரு கிருமியாகத் தேடிச் சேர்த்த அறிவு அப்போதுதான் நோயாளிக்குப் பயன்படும்.