கோயிலுக்கு வெளியே ஒரு தலைநகரம்

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களில் பலர் விமானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன் சற்று நிற்கிறார்கள், சிங்கக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கும்பகோணத்துக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்த விமானத்தின் வளைவுக்கு ஈடு கிடையாது. ஆனால் அந்தக் கோயில் எழுந்தது ஒரு தலைநகரத்துக்காக. சுமார் 1025இல் தொடங்கி 1279 வரை சோழர்கள் ஆண்ட அந்த நகரம், இன்று அரியலூர் மாவட்டத்தின் சிற்றூர்களிலும் முந்திரித் தோப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. கூடுதலாக அரைநாள் ஒதுக்கினால் அதையும் பார்த்துவிடலாம்.

இந்த நகரத்தைப் புரிந்துகொள்ளத் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். கங்கை வரை படை அனுப்பிய முதலாம் ராஜேந்திரன், அங்கிருந்து வந்த நீரைக் கொண்டு சோழகங்கம் என்னும் பேரேரியை அமைத்தான். வெற்றிக்குக் கல்தூண் நடுவது அரசர் வழக்கம். இவன் நட்டது நீர்த்தூண் என்கிறது திருவாலங்காட்டுச் செப்பேடு. இன்று அது பொன்னேரி. கரை 16 மைல் நீளம், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் ஒரு வரத்துக் கால்வாய், வடக்கே வெள்ளாற்றிலிருந்து இன்னொன்று என்று 1855ஆம் ஆண்டு ஆங்கிலேயர் குறிப்பு ஒன்று வியக்கிறது. கல்வெட்டுகளில் வரும் மதுராந்தக வடவாறு, நகருக்குக் கிழக்கே இன்றும் வடவாறு என்ற பெயரில் ஓடுகிறது. வீராணம் ஏரிக்குக் கொள்ளிடத் தண்ணீரைக் கொண்டுபோவது இந்த வடவாறுதான். வீராணத்திலிருந்து குழாய் வழியே சென்னைக்குப் போகும் குடிநீர், ராஜேந்திரன் காலத்து நீர்வழியைத் தொட்டுத்தான் போகிறது.

தெருக்கள், வாயில்களின் பெயர்களும் கல்வெட்டில் தங்கியிருக்கின்றன. ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி, வேம்புகுடி வாசல். இவற்றோடு, குள்ள யானை ஒன்று நடந்துபோன நினைவில் ‘குழையானை போன பெருவழி’ என்றும் ஒன்று. பேரரசர்களின் பெயர்களுக்கு நடுவே அந்த யானைக்கும் ஊர் இடம் கொடுத்திருக்கிறது.

கோயிலிலிருந்து தென்மேற்கே இரண்டு கிலோமீட்டர் போனால் உட்கோட்டையை ஒட்டி மாளிகைமேடு. இங்கே கூட்டம் இருக்காது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980இல் அகழாய்வைத் தொடங்கியது. 2021 முதல் மீண்டும் தோண்டினார்கள். வெளிப்பட்டவை ஒரு மீட்டருக்கும் மேல் கனமான செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் சில்லுகள். கோயிலைக் கருங்கல்லில் கட்டிய அரசன், தான் வாழ்ந்த வீட்டைச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டான். மரம் மண்ணானது. செங்கல்லைப் பிற்காலத்தில் ஊரார் தங்கள் வீடுகளுக்குப் பெயர்த்துப் போனார்கள். எஞ்சிய அடித்தளக் குழிகளின் விளிம்பில் நின்று அறைகளின் அளவைக் கண்ணால் அளக்கும்போதுதான், பாடப்புத்தகத்துச் சோழன் ஒரு வீட்டில் குடியிருந்த மனிதனாகத் தெரிகிறான்.

நான் எல்லோரையும் வற்புறுத்துவது செங்கமேட்டுக்குப் போகச் சொல்லித்தான். சோழர்கள் கலிங்கப் போரில் வென்று கொண்டுவந்த சிற்பங்கள் இந்தச் சின்ன ஊரில் இருக்கின்றன. பைரவர், காளி என எல்லாம் செம்மணற்கல். சோழச் சிற்பி தன் கருங்கல்லில் உடலை இழுத்துக் கட்டி நிறுத்துவான். கலிங்கச் சிற்பிக்கு மென்மையான கல் வாய்த்ததால், அணிகலனின் ஒவ்வொரு மணியிலும் உளியை இழைய விட்டிருக்கிறான். இரண்டு கலை மரபுகளை ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் அல்ல, அம்மனாகவும் சாமியாகவும் மாலை ஏற்றுக்கொண்டு அவை ஊரோடு இருக்கின்றன. போரில் பறித்து வந்தவை என்பதையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

திரும்பும்போது கோயிலுக்கு அருகே உள்ள கணக்க விநாயகரையும் பாருங்கள். கோயிலுக்கு ஆன செலவைக் கேட்ட அரசனிடம் சொல்லத் தெரியாமல் கணக்கர் தவித்தாராம். பிள்ளையாரை வேண்டிக்கொண்டு ஏட்டைப் பிரித்தால், எத்துநூலுக்கு மட்டும் எட்டு லட்சம் பொன் என்று இருந்ததாம். கல்லில் கோடு பிடிக்கும் நூலுக்கே அவ்வளவு என்றால் மற்றதை யார் கூட்டுவது! கோயிலைக் கட்டியவர்களின் உழைப்பை ஊர் இப்படி ஒரு கதையில் வைத்துக் காக்கிறது.

அந்த உழைப்புக்கு நேர்ந்த அவமதிப்பையும் சொல்லத்தான் வேண்டும். 1836 வாக்கில் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கற்களைக் கொண்டுபோனார்கள். பதிலுக்குச் செங்கல் சுவர் கட்டித் தருவதாக ஊராருக்கு வாக்குக் கொடுத்ததையும் அதே 1855ஆம் ஆண்டுக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது.

2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது கோயில். ஏரி சேரவில்லை. சோழகங்கத்தைச் சீரமைக்கப் போவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்தது. மனம் நிறைந்து வரவேற்கிறேன். ஆனால் ஏரிக்குள் தூர் வாருவதோடு நின்றுவிடக் கூடாது. தூர்ந்துபோன வரத்து வாய்க்கால்களைத் தேடிப் பிடித்து, ஆக்கிரமிப்பை அகற்றி, மதகு வரை தண்ணீர் வர வழி செய்ய வேண்டும். ராஜேந்திரன் பிறந்தநாளான ஆடித் திருவாதிரை விழாவுக்கு அடுத்த முறை மேடை போடுகிறவர்கள், வருகிறவர்களை ஏரிக்கரைக்கும் அழைத்துப் போகட்டும்.