அடுப்பின் மேல் ஒரு படுக்கை: ரஷ்யக் கிராமத்து விருந்தினர் வீடுகள்

ரஷ்யாவின் வடக்கே ஆர்கங்கெல்ஸ்க் மாகாணத்துக் கிராமம் ஒன்றில், ஜனவரி மாத இரவில், தங்க வந்தவருக்கு வீட்டுக்காரம்மா காட்டும் இடம் கட்டிலாகத்தான் இருக்கும் என்பதில்லை. அறையில் கணிசமான இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் செங்கல் அடுப்பின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, தட்டையான மேடை ஒன்று இருக்கும். கம்பளி விரித்து அதில் ஏறிப் படுத்துக்கொள்ளலாம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி குளிர். முதுகுக்கு அடியிலோ, காலையில் எரிந்து முடிந்த விறகின் சூடு இன்னும் ஆறாமல் இருக்கும். ஒரு காலத்தில் வீட்டு முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய இடம் அது. இப்போது விருந்தினர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு ரஷ்யாவில் ‘கஸ்தெவோய் தோம்’, அதாவது விருந்தினர் வீடு என்று பெயர். வரவேற்பு மேசை, சீருடைப் பணியாளர், அறைக்கு உணவு கொண்டுவரும் சேவை எதுவும் இருக்காது. குடும்பம் ஒன்று தன் வீட்டின் சில அறைகளையோ, வளவில் உள்ள இன்னொரு மரவீட்டையோ வாடகைக்குத் தருகிறது. சமைப்பது, விறகு வெட்டுவது, குளியல் வீட்டைச் சூடாக்குவது எல்லாம் அந்தக் குடும்பத்தின் வேலை. மாஸ்கோவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் விளாதீமிர் நகரை அடைந்து, அங்கிருந்து பேருந்து பிடித்தால் சூஸ்தல் என்ற சிற்றூர் வந்துவிடும். அங்கே தெருவுக்குத் தெரு இத்தகைய வீடுகள் உண்டு. பைக்கால் ஏரியின் ஓல்ஹோன் தீவிலும், அல்த்தாய் மலையடிவாரத்திலும், பின்லாந்தை ஒட்டிய கரேலியாவிலும் இவை பரவியிருக்கின்றன.

இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள ரஷ்யக் கிராமங்களுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1926 கணக்கெடுப்பின்போது ஐந்தில் நான்கு பேர் கிராமத்தவர். இன்று நான்கில் ஒருவர்தான். முப்பதுகளில் நிலங்கள் கூட்டுப்பண்ணைகளாயின. இரண்டாம் உலகப்போர் ஆண்களை வாரிக்கொண்டு போனது. கூட்டுப்பண்ணை உழவர்களில் பெரும்பாலோருக்கு உள்நாட்டு அடையாளப் பாஸ்போர்ட் பெறும் உரிமையே 1974-இல்தான் வந்தது. அதுவரை நகரத்துக்குக் குடிபெயர்வது எளிதல்ல. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் திட்டமிடுவோர் பல்லாயிரம் சிற்றூர்களை ‘எதிர்காலமில்லாதவை’ என்று வகைப்படுத்தினர். அந்த ஊர்களில் முதலில் பள்ளி மூடப்பட்டது, பிறகு கடை, பிறகு பேருந்து நின்றது. 2010 கணக்கெடுப்பில் பதிவான சுமார் 1,53,000 கிராமங்களில் 19,000-க்கும் மேற்பட்டவற்றில் ஒருவர்கூட வசிக்கவில்லை. மரவீட்டுக்கு ஆளில்லாமல் போவது கல்வீட்டுக்கு ஆவதைவிட மோசம். அடுப்பெரியாத வீட்டில் ஈரம் இறங்கும், அடிமரம் உளுக்கும், சில ஆண்டுகளில் கூரை உள்ளே விழும். ஆகவே ஒரு வீட்டில் விருந்தினருக்காகக் குளிர்காலம் முழுக்க அடுப்பெரிகிறது என்றால், அந்த வீடு பிழைத்தது என்று பொருள்.

கரேலியாவின் கினேர்மா இதற்கு நல்ல சான்று. தலைநகர் பெத்ரசவோத்ஸ்கிலிருந்து சுமார் 100 கி.மீ. தொலைவில், காட்டுக்கு நடுவே ஒரு மரத் தேவாலயத்தைச் சுற்றி நிற்கும் பழைய வீடுகள்தான் ஊர். ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். 2016-இல் ‘ரஷ்யாவின் மிக அழகிய கிராமம்’ என்ற பட்டம் இதற்குக் கிடைத்தது. விருந்தினருக்கு அங்கே கிடைப்பது கம்பு மாவில் தட்டி, நடுவே உருளைக்கிழங்கு வைத்து, ஓரங்களை விரலால் கிள்ளி மடித்துச் சுட்ட ‘கலீத்கி’. அப்புறம் புகையடித்த பழைய பாணிக் குளியல் வீடு. உள்ளூர்க்காரர்கள் பேசும் கரேலிய மொழி ரஷ்ய மொழிக்கு அல்ல, பின்னிஷுக்கு உறவு. அந்த மொழியைப் பேசுகிற வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் வாய்ப்பு எந்த நகர விடுதியிலும் கிடைக்காது.

யாரஸ்லாவல் அருகே உள்ள வியாத்ஸ்கயே வேறு வழியில் போனது. ஊறுகாய் வெள்ளரிக்குப் பேர்போன பழைய வணிகர் கிராமம் அது. ஓலெக் ஷாரவ் என்ற தொழிலதிபர் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இடிந்துகிடந்த வணிகர் வீடுகளை ஒன்றொன்றாக வாங்கிச் செப்பனிட்டு, அருங்காட்சியகங்களும் உணவகமும் விடுதியும் அமைத்தார். 2015-இல் அழகிய கிராமப் பட்டம் முதலில் பெற்ற ஊர் இதுதான். வேலை கிடைத்தது, ஊர் நிமிர்ந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒருவர் முதலீட்டில் ஊரே எழுவதும், ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டைத் திறந்துவைப்பதும் ஒன்றல்ல. பின்னதில் விருந்தினர் தரும் பணம் நேராக அந்த அடுப்படிக்கே போய்ச் சேருகிறது. பயணிக்கும் பேச்சுத்துணையாக அந்த வீட்டு மனிதர்கள் கிடைக்கிறார்கள்.

இரண்டுக்கும் இடைப்பட்டது கேனசேரா தேசியப் பூங்கா. ஆர்கங்கெல்ஸ்க் மாகாணத்தில் 1991-இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்காவுக்குள் ஏரிகளும் காடுகளும் மட்டுமல்ல, மக்கள் வாழும் கிராமங்களும் உள்ளன. சின்னஞ்சிறு மரத் தேவாலயங்களின் உட்கூரைகளில் தேவதூதர்களையும் புனிதர்களையும் தீட்டிவைத்திருக்கிறார்கள். அவற்றை ‘வானங்கள்’ என்றே அழைக்கிறார்கள். 2024 ஜூலையில் புதுடெல்லியில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழுதான் கேனசேரா ஏரியின் பண்பாட்டு நிலத்தோற்றத்தைப் பட்டியலில் சேர்த்தது. வெர்ஷீனினோ போன்ற கிராமங்களில் பூங்கா நிர்வாகமே விருந்தினர் வீடுகளை நடத்துகிறது. நியான்தமா அல்லது பிளிசேத்ஸ்க் வரை ரயிலில் போய், பிறகு சாலை வழியே நெடுந்தூரம் போக வேண்டும்.

எந்த ஊருக்குப் போனாலும் விருந்தினரின் நாள் இரண்டு நெருப்புகளைச் சுற்றியே நடக்கிறது. ஒன்று வீட்டு அடுப்பு. டன் கணக்கில் எடையுள்ள செங்கல் கட்டுமானம் அது. காலையில் ஒருமுறை விறகடுக்கி எரித்தால், செங்கல் வாங்கிய சூடு ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். தணல் ஆனதும் அதை ஓரம் தள்ளிவிட்டு, அடி குறுகி வயிறு பருத்த வார்ப்பிரும்புப் பானைகளை நீண்ட பிடியுள்ள கவைக்கோலால் உள்ளே தள்ளுகிறார்கள். தீயில் கொதிக்காமல், மெல்ல இறங்கும் வெம்மையில் வேகும் முட்டைக்கோஸ் சூப்புக்கும் கஞ்சிக்கும் வாயு அடுப்பில் வராத ருசி உண்டு. இரவு முழுக்க உள்ளேயே விட்ட பால் காலையில் இளம்பழுப்பு நிறமாகி, மேலே தடித்த ஆடையோடு வரும். விருந்தினர் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: புகைபோக்கியின் அடைப்புத் தகட்டைத் தொடாதீர்கள். தணல் முழுதும் அவியுமுன் அதை மூடினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நிறையும். அது உயிரைக் குடித்த வீடுகள் உண்டு.

இன்னொரு நெருப்பு பான்யா எனும் நீராவிக் குளியல் வீட்டில். தோட்டத்துக் கடைசியில், பெரும்பாலும் ஆறு அல்லது ஏரிக்குப் பக்கத்தில், தனி மரக்குடிலாக நிற்கும். சூடேற மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பதால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். முன்னறையில் உடைகளைக் கழற்றிவிட்டு, தலை வேகாமல் இருக்கக் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு உள்ளே போனால், படிகளாக அமைந்த மரப்பலகைகள் இருக்கும். மேலே போகப் போகச் சூடு அதிகம். புதியவர் கீழ்ப்பலகையில் உட்காருவதே நல்லது. வீட்டுக்காரர் ஒரு கரண்டி வெந்நீரைப் பழுத்த கற்கள்மீது வீசுவார். ஒரு சீறல். மறுகணம் கண்ணுக்குத் தெரியாத ஆவி கூரையிலிருந்து தோள்களில் இறங்கும். கோடைத் தொடக்கத்தில் ஒடித்துக் கட்டி உலர்த்திய பிர்ச் மரக் கிளைக்கட்டை நீரில் ஊறவைத்து, முதுகிலும் கால்களிலும் தட்டுவார்கள். பார்க்க அடிப்பதுபோல் தெரியும். உண்மையில் இலைகள் சூடான காற்றைத் தோலுக்குத் தள்ளுகின்றன. அறை முழுக்கப் பச்சிலை மணம் பரவும். பிறகு கதவைத் திறந்துகொண்டு ஓடி ஆற்றில் குதிக்க வேண்டும், குளிர்காலமானால் பனியில் புரள வேண்டும். கினேர்மாவில் இருப்பதுபோன்ற ‘கறுப்புப் பான்யா’வுக்குப் புகைபோக்கியே கிடையாது. புகை அறைக்குள்ளேயே சுழன்று கதவு வழியே வெளியேறும். நெருப்பு அணைந்து புகை போன பிறகே ஆட்கள் நுழைவார்கள். சுவரில் சாய்ந்தால் முதுகெல்லாம் கரி. இதய நோயும் உயர் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

சாப்பாட்டில் காய்கறியும் காளானும் பெர்ரிப் பழங்களும் பெரும்பாலும் அந்த வீட்டுத் தோட்டத்திலும் அருகிலுள்ள காட்டிலும் இருந்தே வருகின்றன. காலையில் பாலாடைக்கட்டி அடை, புளித்த பாலேடு, ஜாம், சமவாரில் கொதித்த தேநீர். சைவர்கள் முன்கூட்டியே சொன்னால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்பு நாட்களில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் விலக்கு என்பதால், ‘போஸ்த்னி’ சாப்பாடு வேண்டும் என்றால் எந்தக் கிராமத்து அம்மாவுக்கும் புரிந்துவிடும். மீன் சில நாட்களில் அனுமதிக்கப்படுவதால், அதையும் வேண்டாம் என்று தனியே சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு பரவலான தொழிலுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது மிகத் தாமதமாகத்தான். 2019 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம், குடியிருப்புகளில் விடுதி நடத்தக் கூடாது என்றது. அடுக்குமாடிகளில் அண்டைவீட்டார் பட்ட தொல்லைக்கு அது மருந்து. ஆனால் சொந்த வீட்டில் நான்கு அறை விடும் குடும்பங்களும் அதனால் இரண்டுங்கெட்டான் நிலைக்குப் போயின. 2022 தொடக்கத்தில் ‘கிராமச் சுற்றுலா’ சட்டத்தில் வரையறை பெற்றது. பண்ணைகளுக்கு ஒரு கோடி ரூபிள் வரை மானியமும் வந்தது. சின்னக் குடும்பங்களின் சிக்கல் 2025-இல்தான் கவனிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் 2031 இறுதி வரை, கிராஸ்னதார் உள்ளிட்ட தேர்ந்தெடுத்த பகுதிகளில் சோதனைத் திட்டம் நடக்கிறது. 15 அறைகளுக்கு மிகாத வீடுகள் பதிவேட்டில் பெயர் சேர்த்து முறைப்படி விருந்தினரை ஏற்கலாம். நல்ல தொடக்கம்தான். ஆனால் பகுதி பகுதியாகச் சோதித்துக்கொண்டிருப்பதைவிட நாடு முழுவதற்கும் விரிப்பதே நியாயம். காலியாகிக்கொண்டிருக்கும் கிராமங்களுக்கு 2031 வரை காத்திருக்க நேரமில்லை.

வெளிநாட்டவருக்குச் சில நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது முழுஅளவில் படையெடுத்தபின், ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லாமல் போயின. புக்கிங், ஏர்பிஎன்பி போன்ற தளங்களும் விலகின. ரூபிள் நோட்டுகளாகக் கையில் வைத்திருப்பதே வழி. போர் நடக்கும் நாடு என்பதால் எல்லையோர மாகாணங்களைத் தவிர்த்து, இந்தியத் தூதரகத்தின் அறிவிப்புகளைப் பார்த்துவிட்டே திட்டமிட வேண்டும். இந்தியர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் மின்விசா கிடைக்கிறது. குறிப்பிட்ட விமான நிலையங்கள், எல்லைச் சாவடிகள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். விடுதிகள் வெளிநாட்டவரின் வருகையைத் தாமாகவே பதிவு செய்துவிடும். தனியார் வீட்டில் அதிக நாள் தங்கினால் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. ‘பதிவு செய்து தருவீர்களா’ என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கழிப்பறை வீட்டுக்குள்ளா, முற்றத்திலா என்பதையும் கூடவே கேளுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில், நள்ளிரவில், அது சிறிய கேள்வி அல்ல.

பருவமும் முக்கியம். ஏப்ரலில் பனி உருகி மண்சாலைகள் சேறாகிவிடும். அக்டோபர் மழையிலும் அதே கதை. ஜூனில் வடக்கே இரவு இருட்டாது, ஆனால் கொசு பிய்த்தெடுக்கும். வசந்தம் முதல் கோடை வரை காட்டு உண்ணிகள் மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடும் என்பதால், காட்டுக்குள் போனால் உடலை மூடிய உடை வேண்டும். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பர் முதல் வாரங்களும் காளான் பறிக்கும் காலம். பிப்ரவரி பனிக்கும் அடுப்புக்கும் ஏற்றது. கையில் ஏதாவது கொண்டுபோக நினைப்பவர்கள் தேயிலை எடுத்துச் செல்லலாம். யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலைப் பொட்டலம் சோவியத் காலத்தில் வீட்டுக்கு வீடு தேடி வாங்கப்பட்ட பொருள். மூத்தவர்களுக்கு அது இன்னும் நினைவிருக்கிறது.

பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் இந்த ஊர்களுக்குக் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகின்றன. அப்படிப் போனால் தேவாலயத்தையும் கடைத்தெருவையும் பார்க்கலாம். பான்யா சூடாகும் நேரத்துக்குள் பேருந்து கிளம்பிவிடும். போகிறவர்கள் குறைந்தது இரண்டு இரவுக்கு இடம் பிடியுங்கள், வீட்டுக்காரர்கள் அதே வளவில் குடியிருக்கும் வீடாகப் பார்த்துப் பிடியுங்கள்.