பொறிகளின் மொழிபெயர்ப்பாளர்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் மிளகும் மல்லியும் நிறுக்கும் மின்னணுத் தராசை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். தட்டில் பண்டத்தை வைத்த அளவிலேயே எடையும் விலையும் ஒளியெழுத்தில் தோன்றுகின்றன. தராசினுள்ளே நகத்தளவான ஒரு கணிப்பொறி இருந்து அந்த வேலையைச் செய்கிறது. அது செய்ய வேண்டியவை யாவும் நிரலாக எழுதப்பெற்று அதனுள் பதிந்துள்ளன. அந்த நிரல் எங்கே உருவாயிற்று? தராசினுள் அன்று. அதற்கு விசைப்பலகை இல்லை. நிரலை எழுதித் திருத்தப் போதிய நினைவிடமும் இல்லை. எங்கோ ஒரு மேசைமீதிருந்த பெரிய கணிப்பொறியில் நிரலை எழுதி, அங்கேயே இச்சிறு பொறியின் மொழிக்கு மாற்றி, பின்னர்க் கம்பி வழியே இதனுள் இறக்கியிருக்கிறார்கள். ஒரு பொறியில் இருந்துகொண்டு வேறொரு பொறிக்காகச் செய்யும் இந்த மொழிமாற்றத்தைக் கிராஸ் கம்பைலேஷன் என்பர்.

சாலை மக்களுக்கு இது விளங்காத செய்தியன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த இவ்வங்காடியில், வீட்டில் தமிழ் பேசும் வணிகர் வாடிக்கையாளரிடம் மலையாளத்தில் விலை சொல்வது அன்றாட நிகழ்ச்சி. சரக்கு ஒன்றே, விலையும் ஒன்றே. எதிரே நிற்பவருக்கு ஏற்பச் சொல் மாறுகிறது.

நிரல் எழுதுவோர் சி, அடா, ரஸ்ட் முதலிய மொழிகளில் எழுதுகின்றனர். செயலியோ தனக்கென வகுத்த கட்டளைகளை, அதுவும் எண்களாக வந்தால் மட்டுமே அறியும். இன்டெல் செயலிக்கு ஒரு கட்டளைத் தொகுதி, ஆர்ம் செயலிக்கு மற்றொன்று. இடைநின்று பெயர்ப்பது கம்பைலர் என்னும் தொகுப்பி. அது பெயர்த்தவற்றை ஒன்றாகக் கோப்பது இணைப்பி. இவையும் துணை நூலகங்களும் சேர்ந்ததே கருவித் தொகுதி.

வேறு பொறிக்காகப் பெயர்க்கச் சொல்லும்போது முகவரி முழுமையாக இருக்கவேண்டும். செயலியின் குடும்பம் எது, அதன்மேல் எந்த இயக்க முறைமை ஓடுகிறது, அல்லது ஒன்றுமே இல்லையா என்பவற்றை முன்னதாகக் கூறவேண்டும். துணை நூலகங்களும் அந்தப் பொறிக்குரியனவாக இருத்தல் வேண்டும். பழக்கத்தால் மேசைப் பொறியின் நூலகத்தையே இணைக்கப் புகுந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும்.

இதைவிட நுட்பமான இடர்ப்பாடுகளும் உண்டு. தமிழில் நாம் 'இருபத்தொன்று' என்று பெரியதை முதலிற் சொல்கிறோம். வடமொழியிலோ 'ஏகவிம்சதி' என்று ஒன்று முன்னே வரும். செயலிகளுக்குள்ளும் இவ்வேறுபாடு இருக்கிறது. ஸ்பார்க் குடும்பத்துச் செயலி எண்ணின் பெரும்பகுதியை முன்னர் வைக்கும். ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்துச் செயலி சிறுபகுதியை முன்னர் வைக்கும். ஒன்று எழுதிய தரவை மற்றொன்று அவ்வாறே படித்தால் கணக்கு தலைகீழாகிவிடும்.

எண்ணின் அளவும் அப்படியே. சி மொழியில் முழுவெண்ணைக் குறிக்கும் ஒரே சொல், மேசைக் கணிப்பொறியில் 32 பிட் இடம் பெறும். சிறு செயலிகள் பலவற்றில் 16 பிட் இடமே பெறும். அந்த 16 பிட் முழுவெண்ணில், குறையெண்களுக்கும் இடம் விட்டபின், அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. கிராம் கணக்கில் எண்ணும் ஒரு தராசு நிரல் மேசையில் ஒழுங்காக ஓடிவிட்டு, சிறு செயலியில் 33 கிலோ மூட்டையைக் கண்டதும் எடையைக் குறையெண்ணாகக் காட்டக்கூடும். மொழிபெயர்ப்பில் பிழையில்லை, மூலத்தை எழுதியவர் எந்தப் பொறிக்கு எழுதுகிறோம் என்பதை மறந்தார், அவ்வளவே. சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்தி என்று எண்ணவேண்டாம். 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவுகணை புறப்பட்டு ஏறத்தாழ 40 நொடியில் சிதறியது. முந்தைய ஏரியன் 4க்கு எழுதிய நிரற்பகுதி, புதிய ஏவுகணையின் வேகத்துக்குரிய பெரிய எண்ணை 16 பிட்டுக்குள் அடக்க முயன்று தோற்றதே காரணம்.

மொழிகளும் பல, செயலிகளும் பல என்றால் எத்தனை தொகுப்பிகள் வேண்டும்? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வினா புதியதன்று. நம் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் நேரே பெயர்ப்பதாயின் 462 வழிகள் வேண்டும். இடையில் ஆங்கிலத்தைப் போல் ஒரு பொதுமொழியை நிறுத்தினால் 44 போதும். 1987இல் வெளிவந்த ஜி.சி.சி., 2000இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்.எல்.வி.எம். ஆகியவை இம்முறையையே கையாளுகின்றன. மூலம் எதுவாயினும் முதலில் ஓர் இடைமொழிக்கு வரும். அங்கிருந்து அந்தந்தச் செயலிக்குச் செல்லும். அலுவலகத்தில் இடைமொழி வழியாக வரும் பெயர்ப்பில் சுவை கெடுவதுண்டு. பொறிக்குச் சுவை வேண்டாமாகையால் அங்கே இழப்பில்லை.

புதிதாக ஒரு செயலியைப் படைப்போர்க்கு இதனால் விளையும் நன்மை பெரிது. அதனைத் திருவனந்தபுரத்திலேயே காணலாம். இங்குள்ள சி-டாக் நிறுவனம் வேகா என்னும் செயலிக் குடும்பத்தை வடிவமைத்தது. 2010இல் பெர்க்லியில் தோன்றி, எவரும் உரிமத் தொகையின்றிக் கையாளத்தக்கதான ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியே அதன் மொழி. ஜி.சி.சி.யும் எல்.எல்.வி.எம்.மும் அம்மொழியை அறிந்தவை. ஆதலின் வேகாவுக்கென்று புதியதொரு தொகுப்பியை அடிமுதல் எழுத வேண்டிய தேவை எழவில்லை.

அதே நகரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வேறு வழி சென்றது. 2009 முதல் நம் ஏவுகணைகளை நடத்திவந்த 16 பிட் விக்ரம் 1601 செயலிக்கு அடுத்ததாக, சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தோடு சேர்ந்து 32 பிட் விக்ரம் 3201ஐ உருவாக்கிற்று. அதன் கட்டளைத் தொகுதி சொந்தமானது. உலகில் வேறெவரும் பேசாத மொழி. எனவே அதற்கு மொழிபெயர்ப்பாளரைக் கடன் வாங்க இயலாது. அடா மொழித் தொகுப்பி, அசெம்பிளர், இணைப்பி, செயலியைப் போல நடித்துக் காட்டும் பாவனைப் பொறி ஆகிய யாவற்றையும் இஸ்ரோவே எழுதிக்கொண்டது. 2025 மார்ச் 5ஆம் நாள் இச்செயலி இஸ்ரோ தலைவர் வி. நாராயணனிடம் ஒப்படைக்கப்பட்டது. உடன் வந்த கல்பனா 3201 ஸ்பார்க் மொழி பேசுவது. பொதுக் கருவித் தொகுதிகளோடு பொருந்துமாறு அமைந்தது. அதாவது ஒரே நாளில் இரு கொள்கைகளும் அரங்கேறின.

எது மேல்? தராசுக்கும் அதனையொத்த கருவிகளுக்கும் பொதுமொழியே தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. பல்லாயிரவர் படித்துத் திருத்திய தொகுப்பியில் பிழை ஒளிந்திருப்பது அரிது. சொந்த மொழியில் அந்தத் துணை கிடையாது. ஒவ்வொரு புதிய வசதிக்கும் தாமே உழைக்கவேண்டும். ஆயினும் ஏவுகணையின் நிலை வேறு. யூனிக்ஸ் கண்டவருள் ஒருவரான கென் தாம்ப்சன், 1984இல் வெளியான தம் டூரிங் விருதுரையில், மூல நிரலில் இல்லாத ஒன்றைத் தொகுப்பியே மறைவாக நுழைத்துவிட முடியும் என்று காட்டினார். மூலத்தை எத்துணை முறை படித்தாலும் அது கண்ணிற் படாது. ஆகவே செயலி நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது. அதனோடு பேசும் தொகுப்பியை எழுதவும் ஆராயவும் வல்லவர்கள் நம்மிடம் இருத்தல் வேண்டும். விக்ரம் குழுவினரின் உழைப்பை நான் இந்தக் கண்கொண்டே பார்க்கிறேன்.

பெயர்த்த நிரலை அதைப் பெயர்த்த பொறியிலேயே ஓட்டிப் பார்க்க இயலாது. அந்தப் பொறிக்கு அது வேற்றுமொழி. முதலிற் பாவனைப் பொறியில் நடத்திப் பார்ப்பர். பிறகு உண்மைச் செயலியில், அதன்பின் பறக்கும் கலத்தில். விக்ரம் 3201 அந்தக் கடைசித் தேர்வை 2024 டிசம்பர் 30இல் ஏவிய பி.எஸ்.எல்.வி.-சி60இல் எழுதியது. ஏவுகணையின் கடைசி அடுக்கையே ஆய்வு மேடையாக்கிச் சுற்றுப்பாதையில் விட்டிருந்தனர். அதன் பணி மேலாண்மைக் கணிப்பொறியில் இச்செயலி அமர்ந்து வேலை செய்தது. சி மொழிக்கான தொகுப்பி 2025 மார்ச்சில் ஆக்கத்தில் இருந்தது.