மேளமும் இராகமும்

இசைக்கலையிற் புதுமை என்பது பழமையை வெறுத்தலன்று. முன்னோர் வகுத்த எல்லைக்குள் எவரும் நெடிது பயிலாத இடங்களைத் தேடிச் சேறலும் புதுமையே. கருநாடக இசையின் அண்மைக்கால வரலாறு இதனை நன்கு விளக்கும்.

17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். ரிஷப காந்தாரங்கள் சேருமுறை 6. தைவத நிஷாதங்கள் சேருமுறை 6. இவற்றைப் பெருக்க 36. மத்திமம் இருவகைப்படுதலின் அது 72 ஆயிற்று. எனினும், கணக்கிற் கண்ட மேளங்கள் யாவும் அரங்கேறவில்லை. அவற்றுள் 40 மேளங்கள் விவாதி சுரம் உடையன. இன்று கனகாங்கி எனப்படும் முதன் மேளத்திற் சுத்த ரிஷபத்தை அடுத்துச் சுத்த காந்தாரம் வரும். அது நிற்குமிடமோ சதுச்ருதி ரிஷபத்தின் இடமாகும். நெருங்கிய அவ்விரு சுரங்களையும் இனிமை கெடாது பாடுதல் அரிது. ஆதலின் அவற்றைத் தோஷமென்று அஞ்சி விலகினார் பலர்.

கோடீஸ்வர ஐயர் 72 மேளங்களிலும் தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றி அவ்வச்சத்தை எதிர்த்தார். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) வேறொரு வழி சென்றார். ம, ப என்பவற்றை ஒலிக்க இதழ்கள் பொருந்தவேண்டும். அவ்விரு சுரங்களையும் நீக்கி அவர் அமைத்த நிரோஷ்டா இராகம், தமிழ்ப் புலவரின் நிரோட்டகச் செய்யுளை நினைவூட்டுவது.

இராகத்துக்கு ஐந்து சுரங்களேனும் வேண்டும் என்பது மரபு. பாலமுரளிகிருஷ்ணா (1930–2016) அதனையுங் கடந்தார். அவரது லவங்கியில் உள்ளவை சட்ஜம், சுத்த ரிஷபம், சுத்த மத்திமம், சுத்த தைவதம் என்னும் நான்கே. இத்தகைய புத்திராக உரிமையை வீணை எஸ். பாலசந்தர் மறுத்து வாதிட்டார். அவ்வாதம் வெறும் பூசலன்று. சுர வரிசையை எவருங் கணக்கிட்டு அமைக்கலாம். ஆனால் சீவசுரம், கமகம், சஞ்சாரம் ஆகியன பொருந்தினாலன்றி வரிசை இராகமாகாது. நான்கு சுரங்களில் ஆலாபனை விரைவிற் கூறியது கூறலாகும் என்னும் ஐயமும் நியாயமானதே. அதனை நீக்கவல்லது பாட்டு ஒன்றே. ஆக்கியோனன்றிப் பிறரும் எடுத்துப் பாட, கேட்போர் அடையாளங் காணுமாயின் அவ்விராகம் நிலைபெறும்.

ஈழத்தில் இச்சோதனையை மேற்கொண்டவர் இணுவில் வீரமணி ஐயர் (1931–2003). அவரும் 72 மேளகர்த்தா இராகங்களிலும் தமிழிற் பாடல் புனைந்தார். மயிலைக் கற்பகாம்பாள்மீது அவர் பாடிய இராகமாலிகையிற் கல்யாணி, ரஞ்சனி முதலிய இராகப் பெயர்கள் அம்மையின் பெயர்களாகவே அமைந்து பொருளோடு ஒன்றுகின்றன. அது டி. எம். சௌந்தரராஜன் குரலிற் பரவி, இலக்கணம் அறியாதாரும் விரும்பிக் கேட்பதாயிற்று.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இசை பயிலும் மாணவர் மேளச் சக்கரத்தைப் பரீட்சைக்கென மனனஞ் செய்வர். அவ்வட்டவணையின் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தமிழ்ப் பாட்டேனும் உண்டென்பதை அவர்க்கு உணர்த்தி, விவாதி மேளத்தில் ஒன்றையாவது பாடப் பயிற்றுதல் ஆசிரியர் கடனாகும். பாடப்படாத இராகம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.