சலாமியா கணக்கில் வருமா?

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் டீக்கடைக்கு வருவார். 1986இல் வந்த ‘விக்ரம்’ படத்தை வந்த புதிதிலேயே பார்த்தவர். 2022இல் வந்த ‘விக்ரம்’ படத்தை மகனோடு அம்பத்தூர் ராக்கி தியேட்டரில் பார்த்தவர். போன வாரம் கிளாஸைக் கையில் வாங்கியதுமே கேட்டார்: “ஏம்ப்பா, ரெண்டுலயும் அதே விக்ரம்தான்னு சொல்றானுங்க. அப்போ அந்த சலாமியா ராஜ்ஜியம், டிம்பிள் கபாடியா, அம்ஜத் கான் எல்லாம் நடந்ததா, நடக்கலையா?”

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. லோகேஷ் கனகராஜின் படவரிசையைப் பற்றி, பையன்கள் பாஷையில் எல்சியுவைப் பற்றி, இதைவிட உருப்படியான கேள்வியை நான் கேட்டதில்லை. பல கதைகள் ஒரே உலகத்தில் நடக்கின்றன என்று சொல்லிவிட்டால், அந்த உலகத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத்தான் ரசிகர்கள் கேனன் என்கிறார்கள்.

“இன்னொரு டீ சொல்லுங்கண்ணே, நிதானமா பேசலாம்” என்று ‘கைதி’யிலிருந்து ஆரம்பித்தேன்.

2019 தீபாவளிக்கு, ‘பிகில்’ வெளியான அதே நாளில் ‘கைதி’ வந்தபோது எல்சியு என்ற பேச்சே கிடையாது. சிறையிலிருந்து வெளியே வந்த டில்லி, ஒரு லாரி, ஒரு ராத்திரி. கதை அவ்வளவுதான். 2022 ஜூன் 3 அன்று ‘விக்ரம்’ வெளியானது. அதற்கு முந்தைய நாள், ‘கைதி’யை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று லோகேஷ் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். தியேட்டருக்குள் போனதும் காரணம் புரிந்தது. நரேன் நடித்த பிஜாய் திரும்பி வருகிறார். கடைசியில் போதைக் கும்பல் தலைவன் ரோலக்ஸ் எதிரே ‘கைதி’யின் வில்லன்கள் அடைக்கலமும் அன்பும் நிற்கிறார்கள். டில்லியின் தலைக்கு விலை வைக்கப்படுகிறது. டில்லி யாரென்று தெரியாதவனுக்கு அந்தக் காட்சியில் பாதிதான் விளங்கும்.

அதாவது, ஏறக்குறைய மூன்று வருஷம் தனியாகக் கிடந்த படத்தைப் பின்னால் வந்த படம்தான் இந்த உலகத்துக்குள் இழுத்துக்கொண்டது. அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் மனை வாங்கியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தாய்ப்பத்திரத்தைப் பின்னால் வரும் ஒவ்வொரு பத்திரமும் எடுத்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். விற்கிறவர் திண்ணையில் உட்கார்ந்து வாயால் சொன்னது எதுவும் சார்பதிவாளர் அலுவலகத்தில் செல்லாது. கதைக்கும் என் கட்டளைக்கல் இதுதான்: அடுத்த கதை எதன்மேல் காலூன்றி நிற்கிறதோ, அது கணக்கில் வரும்.

இப்போது சலாமியா. 1986 படத்துக்கு எழுத்து சுஜாதா, இயக்கம் ராஜசேகர். திருடுபோன ஏவுகணையைத் தேடி விக்ரம் சலாமியாவுக்குப் போவான். 2022 படம் அதிலிருந்து விக்ரம் என்ற பேரையும், உளவு வேலையையும், எண்பதுகளில் தொடங்கும் ஒரு பழங்கதையையும் எடுத்துக்கொண்டது. சலாமியாவைத் தொடவே இல்லை. பொய் என்றும் சொல்லவில்லை, உண்மை என்றும் சொல்லவில்லை. ஆகவே விக்ரம் கணக்கில் உண்டு, சலாமியா நிலுவையில். அண்ணனுக்கு இந்தப் பதிலில் திருப்தியில்லை. டிம்பிள் கபாடியாவை நிலுவையில் வைப்பது அவருக்கு ஒப்பவில்லை.

இதெல்லாம் ஹாலிவுட்டிலிருந்து வந்த வித்தை என்று பையன்கள் நினைக்கிறார்கள். கல்கி இதை 1940களிலேயே செய்துவிட்டார். ‘பார்த்திபன் கனவு’ முதலில் வந்தது. அதில் ஒற்றைக் கையோடு வரும் மகா கபால பைரவர், வேஷம் கலைந்தபின் வாதாபிப் புலிகேசியின் சகோதரன் நீலகேசி என்று தெரியவருகிறது. பிறகு, 1944இல் தொடங்கிய ‘சிவகாமியின் சபதம்’ காலத்தில் பின்னோக்கிப் போகிறது. அதே ஆள் அங்கே நாகநந்தி அடிகளாக நாவல் முழுக்க நடமாடுகிறார். அந்தக் கை எப்படிப் போனது என்பதைப் பின்னால் எழுதிய கதையில்தான் கல்கி காட்டுகிறார். முதல் நாவலில் போகிறபோக்கில் வந்த ஒரு தகவலை இரண்டாவது நாவல் தூணாக்கிவிட்டது. வாராவாரம் தொடர்கதை எழுதிய ஒருவர் இப்படிச் செய்தார் என்பதை நினைத்தால், ‘லியோ’ படத்தின் முடிவில் ஒரு போன்காலில் விக்ரமாகக் கமல் குரலைக் கேட்டு விசிலடிப்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரிகிறது.

‘பொன்னியின் செல்வ’னில் இன்னொரு பாடம் இருக்கிறது. நாவலின் முடிவுரையில் வாசகர்களின் கேள்விகளுக்குக் கல்கியே பதில் எழுதினார். அது புத்தகத்துக்குள் அச்சானது, ஆகவே கணக்கில் வரும். பிற்பாடு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அதற்குப் பிறகும் தொடர்ச்சி எழுதியவர்கள் உண்டு. இவர்களில் ஒவ்வொருவரும் கல்கியின்மேல் காலூன்றுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் ஊன்றுவதில்லை. அதனால்தான் கல்கி மரமாகவும் மற்றவை தனித்தனிக் கிளைகளாகவும் நிற்கின்றன. மணிரத்னம் படத்தில் மணிமேகலை இல்லை. அதற்காக, வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர்விட்ட அத்தியாயம் இல்லாமல் போய்விடாது. குந்தவை வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே சொல்கிறது. அது கதையின் கணக்கில் சேராது, சரித்திரத்தின் கணக்கு வேறு.

வெளிநாட்டில் இந்தக் கணக்கை அதிகாரத்தால் தீர்ப்பவர்களும் உண்டு. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை ஒட்டிப் பல வருஷங்களாக வந்த நாவல்களும் காமிக்ஸ்களும் இனி செல்லாது என்று 2014இல் லூகாஸ்ஃபிலிம் ஒரே அறிவிப்பில் ஒதுக்கியது. எல்லாம் ஒரே கம்பெனியின் சொத்து என்பதால் முடிந்தது. இங்கே ‘கைதி’ ஒரு தயாரிப்பாளருடையது, ‘விக்ரம்’ கமலுடையது, ‘லியோ’ இன்னொருவருடையது. ஒரு பாத்திரம் இன்னொரு படத்துக்குள் எட்டிப்பார்க்க வேண்டுமென்றால்கூட முதலில் அதன் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும்.

அண்ணனின் மகன் கேட்டதுதான் சிக்கல். 2023இல் ‘லியோ’ வந்தபின், அதில் லியோவின் பழைய வாழ்க்கையைப் பற்றி மன்சூர் அலிகான் சொல்லும் பிளாஷ்பேக் பொய்யாகவும் இருக்கலாம் என்று லோகேஷ் பேட்டியில் சொன்னார். அப்போது அதில் வரும் பலி, கொலை, குடும்பம் எல்லாம் கட்டுக்கதையா என்று கேட்டான். படத்தில் இல்லாததைப் பேட்டியில் சேர்க்கும் உரிமையை இயக்குநருக்கு நான் தர மாட்டேன். டிக்கெட் வாங்கியவன் பேட்டிக்கு வாங்கவில்லை. ‘கைதி’யின் கான்ஸ்டபிள் நெப்போலியன் ‘லியோ’வில் வந்தது கணக்கு, ஏனென்றால் அவர் திரையில் வந்தார். ‘கூலி’ தனிப்படம் என்று லோகேஷ் முன்பே சொன்னதை நான் ஏற்றுக்கொள்வதற்கும் காரணம் அவர் வாய்வார்த்தை இல்லை. படத்தில் எந்தத் தொடர்பும் வைக்கவில்லை, அதனால்தான்.

ஆகவே, ‘லியோ’ பிளாஷ்பேக் இன்றைய தேதிக்கு நடந்த கதைதான். பொய் என்று காட்ட வேண்டுமானால் லோகேஷ் அதை இன்னொரு படத்தில் காட்டட்டும்.