வயலில் விரல் போனால் வைத்தியச் செலவு யாருடையது?

'எங்கள் தோட்டத்தில் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தவருக்கு மூன்று விரல்கள் துண்டாகிவிட்டன. ஆஸ்பத்திரியில் 60,000 ரூபாய் கட்டினேன். இதோடு என் பொறுப்பு முடிந்ததா?' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இன்னொரு கடிதம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது: 'கூலிக்கு மருந்து அடிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்து நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வயல்காரர் 2,000 ரூபாய் கொடுத்தார். மீதியைக் கேட்க எனக்கு உரிமை உண்டா?'

இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நம் வாசகர்களில் பாதிப் பேர் இந்த இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள்தான். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் நடவுக்கு ஆள் வைக்கிறார். அடுத்த வாரம் அவரே பக்கத்து ஊருக்கு மருந்தடிக்கும் கூலிக்குப் போகிறார்.

வேலையில் அடிபட்டால் முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. அப்போது தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் என்று பெயர். 2009 திருத்தத்துக்குப் பிறகு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயத்திலும் இதே அடிப்படைதான் இருக்கிறது. இதெல்லாம் மில்லுக்கும் ஃபேக்டரிக்கும் உள்ள சட்டம் என்றுதான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். சட்டத்தின் பட்டியலைப் பார்த்தால் டிராக்டரிலோ மின்சாரத்தில் ஓடும் கருவியிலோ செய்யும் விவசாய வேலை, பூச்சிக்கொல்லி தெளிப்பது, இயந்திர அறுவடையும் கதிரடிப்பும், பவர் டில்லர் ஓட்டுவது, ஆழ்துளைக் கிணற்று வேலை எல்லாம் தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு நாள் கூலிக்கு வந்தவருக்கும் இது பொருந்தும். 'அவர் நிரந்தர ஆள் இல்லையே' என்ற பதில் இனிச் செல்லாது. தற்செயல் வேலையாள் என்று ஒதுக்கிவைத்த வாசகத்தை 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்கள்.

2009 திருத்தத்தில் இன்னொன்றும் சேர்ந்தது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு ஆன உண்மையான மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பித் தர வேண்டும். அந்தப் பணத்தை இழப்பீட்டில் கழித்துக்கொள்ளவும் முடியாது. மருத்துவச் செலவு ஒரு கணக்கு, இழப்பீடு வேறு கணக்கு. முதல் வாசகர் கட்டிய 60,000 ரூபாய் முதல் கணக்கில் மட்டுமே சேரும்.

இரண்டாவது கணக்கு எவ்வளவு வரும்? அடிபட்டவருக்கு 40 வயது, மாத ஊதியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (கணக்குக்கு எடுக்கும் ஊதிய உச்சவரம்பு 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய்.) நிரந்தர முழு ஊனமென்றால் ஊதியத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17. அதாவது 7,200 x 184.17 = 13,26,024 ரூபாய். கட்டைவிரல் தவிர்த்து ஒரு கையின் மூன்று விரல்கள் போனால் சட்டம் அதை 30 விழுக்காடு இழப்பாகக் கணக்கிடுகிறது. ஆக, 3,97,807 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். தகுந்த காரணம் இல்லாத தாமதம் என்றால் தொகையில் பாதி வரை அபராதமும் போடலாம்.

படிக்கும்போதே சிறு விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும் தொகைதான். 'அவர்தான் கவனமில்லாமல் கையை விட்டார்' என்பது சட்டத்தில் பதில் ஆகாது. குடித்திருந்தது, பாதுகாப்புக்காகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, காப்பு மூடியைத் தெரிந்தே கழற்றியது ஆகியவைதான் விலக்குகள். உயிரிழப்பும் நிரந்தர முழு ஊனமும் நேர்ந்தால் அந்த விலக்குகளும் கிடையாது. உங்கள் இயந்திரத்தின் மூடியை நீங்களே கழற்றிப் போட்டுவிட்டுத் தொழிலாளியைக் குற்றம் சொல்ல முடியாது. தீவன இயந்திரத்தின் வாய்க்கு நீளமான தகரத் தொட்டி, பெல்ட்டுக்கு வலைக்கூடு, டிராக்டரின் பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு உறை, இவற்றைப் போட்டுவைக்க ஆகும் செலவை மேலே உள்ள தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடிபட்ட முதல் மணி நேரம்

விரல் துண்டானால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸுக்குள் விரலை நேரடியாகப் போட்டால் கெட்டுவிடும். மருந்து ஏறி மயங்கியவருக்கு உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு 108-ஐ அழையுங்கள். பூச்சிமருந்து பாட்டிலையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். முறிவு மருந்து என்ன என்பது அதன் லேபிளிலோ உள்ளே இருக்கும் தாளிலோ இருக்கும்.

அங்கே போனதும் பொய் சொல்லக் கூடாது. போலீஸ், கேஸ் என்று பயந்து 'வீட்டில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லச் சொல்கிறார்கள். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதிவிட்டால் பிறகு எந்த ஆணையரிடம் போய் நின்றாலும் அந்தத் தாளைத்தான் காட்டுவார்கள். பூச்சிமருந்து விஷயம் இன்னும் மோசம். தெளிக்கும்போது ஏறியது என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் தற்கொலை முயற்சி என்று பதிவாகிவிடும் ஆபத்து உண்டு. எந்த வயல், என்ன வேலை, என்ன மருந்து, எத்தனை மணி என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். ஏ.ஆர். காப்பியையும் எல்லா மருந்துச் சீட்டு, ரசீதுகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ரசீது இல்லாத செலவைத் திரும்பக் கேட்பது கடினம்.

இரண்டாவது வாசகருக்கு: ஆம், ரசீதில் உள்ள மீதியை நீங்கள் கேட்கலாம். வேலைக்குப் போக முடியாத நிலை மூன்று நாளுக்கு மேல் நீடித்திருந்தால், அந்த மூன்று நாள் போக மற்ற நாட்களுக்கு அரைமாத உதவித்தொகையும் உண்டு. ஊதியத்தில் 25 விழுக்காடு, மாதம் இரு முறை. 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே கணக்கு. 'இனி எந்தப் பாக்கியும் இல்லை' என்று பத்திரத்தில் கைநாட்டு வாங்கியிருந்தாலும், சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த எழுத்து செல்லாது.

நில உரிமையாளர் கவனிக்க வேண்டியது காப்பீடு. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி கிடைக்கிறது. அதில் மருத்துவச் செலவும் சேருமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். டிராக்டர் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது ஓட்டுநருக்கு உதவும். மட்கார்டில் உட்கார்ந்து வந்தவர் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பதுதான் வழக்கம். மேஸ்திரி மூலம் ஆள் வைத்தாலும் உங்கள் நிலத்தில் நடந்த விபத்துக்கு உங்களிடம் கேட்கலாம். கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கையில் காசில்லாதவர் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. டிராக்டர் சாலையில் கவிழ்ந்தால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கேளுங்கள். சிறு, குறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருந்தால் வருவாய்த் துறையில் விபத்து உதவிக்கு விண்ணப்பிக்கலாம். திருப்பூர்ப் பக்கம் மில்லுக்குப் போன பிள்ளைகளுக்கு வழி வேறு. அவர்களுக்கு இ.எஸ்.ஐ. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடும் உண்டு.

பேசித் தீராவிட்டால் தொழிலாளர் துணை ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் இழப்பீட்டு ஆணையர் அவர்தான். விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் வயல்காரருக்கு எழுத்தில் ஓர் அறிவிப்பு, பதிவுத் தபாலில். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.