உங்கள் கைக்கு ஒரு கிட்டார்

1862-ஆம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ் ஒரு விசித்திரமான கிட்டாரைச் செய்தார். மேற்பலகை வழக்கம்போல ஸ்புரூஸ் மரம். முதுகும் பக்கங்களும் வெறும் காகித அட்டை! கிட்டாரின் குரல் மேற்பலகையில்தான் பிறக்கிறது என்பது அவருடைய கட்சி. அதை ஊருக்குக் காட்டவே அந்த அட்டைக் கிட்டார். சொன்னவர் சாதாரண ஆள் அல்ல. இன்றைக்கு நாம் பார்க்கும் கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்தையும் அளவையும் வகுத்துக் கொடுத்தவர். அந்த வாத்தியம் இப்போது பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றும் கையால் செய்த கிட்டார் ஒன்றைச் சொல்லிவைத்து வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, “முதுகுக்கு என்ன மரம்?” என்றுதான். பட்ஜெட்டின் பெரும்பகுதியும் அங்கேயே போய்விடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் வாசிப்பவரின் சுகமும் வாத்தியத்தின் ஓசையும் முடிவாகிற இடங்கள் வேறு.

தோரஸ் சொன்னதை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சோதித்தார்கள். ஃபைல்ட் பட்டறையின் ரோஜர் பக்னல் ஒரே அளவில், ஒரே வடிவில் ஆறு கிட்டார்கள் செய்து கொடுத்தார். முதுகும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். மரம் கண்ணுக்குத் தெரியாதபடி வெல்டிங் கண்ணாடி அணிந்து, மங்கலான அறையில் 52 பேர் வாசித்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. முதுகு மரத்தால் எந்த மாற்றமும் வராது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்த மாற்றம், அதற்காக நாம் கொடுக்கும் விலைக்கு ஈடானதில்லை.

இந்த மரக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. கிட்டார் உலகம் இந்தியன் ரோஸ்வுட் என்று கொண்டாடுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்தைத்தான். நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளர்வது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் அதுவரை பிரேசில் ரோஸ்வுட்டில் செய்துவந்த கிட்டார்களுக்கு 1969 முதல் ஈட்டியைப் போட ஆரம்பித்தது. 1992-இல் பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்யப்பட்டது. 2017-இல் ஈட்டி உள்ளிட்ட அந்த மரக் குடும்பம் முழுவதற்கும் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது. ஈட்டியின் கருஞ்சிவப்பு ரேகைகள் அழகு, அதை மறுக்க முடியாது. அழகுக்காக வேண்டுமென்றால் அழகுக்காக என்று சொல்லியே வாங்குங்கள். டெய்லர் நிறுவனத்தின் பாப் டெய்லர் 1995-இல், தொழிற்சாலையில் சரக்கு அடுக்கப் பயன்படும் பழைய ஓக் பலகைகளை எடுத்து ஒரு கிட்டார் செய்தார். அதுவும் நன்றாகத்தான் ஒலித்தது.

சரி, மேற்பலகைக்கு வருவோம். இரும்புக் கம்பி கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்க வேண்டிய மேற்பலகையின் கனமோ 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. தடிப்பாக விட்டால் பத்திரம். ஆனால் ஓசை உள்ளேயே அடைந்துவிடும். இழைத்து மெலிதாக்கினால் வாய் திறக்கும். ஆனால் சில வருடங்களில் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை அளவுதான் இடம். பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. பத்தில் ஒரு பங்கு கனத்தைச் சீவினாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் தேர்ந்த கைவினைஞர் எல்லாப் பலகைக்கும் ஒரே அளவு வைத்துக்கொள்வதில்லை. வளைத்துப் பார்க்கிறார், விரலால் தட்டிக் கேட்கிறார், இன்னும் ஓர் இழைப்பு இழைக்கிறார், மறுபடி தட்டுகிறார். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. தொழிற்சாலை இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே கனத்தில் சீவித் தள்ளும். கைவேலைக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இந்தத் தட்டிப் பார்த்தலுக்குத்தான்.

மேற்பலகையின் அடியில் ஒட்டப்படும் சட்டங்களும் இதே கணக்கில் சேர்ந்தவை. பெருக்கல் குறி வடிவில் இரண்டு சட்டங்கள் குறுக்கிடும் அமைப்பு 1840-களில், நரம்புக் கம்பிக் காலத்தில், அமெரிக்காவில் உருவானது. பிற்பாடு இரும்புக் கம்பி வந்தபோது அந்த இழுப்பைத் தாங்கும் வலு அதற்கு ஏற்கெனவே இருந்தது. மார்ட்டின் பட்டறையில் அந்தச் சட்டங்களின் முதுகை ஆங்காங்கே குடைந்து மெலிதாக்குவார்கள். வாசிப்பவர்கள் தடித்த கம்பிகளை மாட்டப் போய் மேற்பலகைகள் தூக்கிக்கொண்டதால் 1944-இல் அந்தக் குடைவை நிறுத்தினார்கள். பழைய ஓசைக்கு ஏங்கியவர்களுக்காக 1976-இல் எச்டி-28 மாடலில் அது திரும்பி வந்தது. ஆகவே எந்தக் கனத்தில் கம்பி போடுவீர்கள் என்பதைச் செய்கிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெல்லிய கம்பிக்குச் செய்த கிட்டாரில் தடித்த கம்பி ஏற்றக் கூடாது.

மேற்பலகைக்கு மரம் தேர்ந்தெடுப்பதும் உங்கள் கையைப் பொறுத்ததே. பிக் கொண்டு ஓங்கி அடிப்பவருக்கு சிட்கா ஸ்புரூஸ் அல்லது சிவப்பு ஸ்புரூஸ். எவ்வளவு அடித்தாலும் ஓசை உடையாது. விரல்நுனியால் மென்மையாக மீட்டுபவருக்கு சீடர். தொட்டவுடன் பேசும், அடித்தால் சீக்கிரமே களைத்துவிடும்.

உடலின் வடிவம் எப்படித் தீர்மானமாகிறது என்பதற்கு நல்ல உதாரணம் 1929-இல் நடந்தது. அட்லாண்டாவைச் சேர்ந்த பெர்ரி பெக்டெல் பேஞ்சோ வாசிப்பவர். கிட்டாருக்கு மாற விரும்பினார். ஆனால் உடலுக்கு வெளியே 12 ஃபிரெட்தான் இருந்தது; மேல் ஸ்தாயிக்குக் கை போகவில்லை. மார்ட்டின் நிறுவனத்தாரிடம் சொன்னார். அவர்கள் உடலின் மேல்பாகத்தைக் குறுக்கி 14 ஃபிரெட்டை வெளியே கொண்டுவந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஓஎம் மாடல். இன்றைய இரும்புக் கம்பி கிட்டார்களில் பெரும்பாலானவை அந்த 14 ஃபிரெட் வழியைத்தான் பின்பற்றுகின்றன. போர்க்கப்பலின் பெயர் தாங்கிய டிரெட்நாட் 1916-இல் டிட்சன் என்ற இசைக்கருவிக் கடைக்காகச் செய்யப்பட்டது. அகன்ற இடுப்பு, ஆழமான உடல், நிறைந்த கீழ் ஓசை. பாட்டுக்குத் துணையாகக் கார்டு வாசிக்க இதற்கு மிஞ்சியது கிடையாது. தனியாக விரலால் மெட்டு வாசிப்பவருக்கு இடுப்பு குறுகிய ஓஎம் தான் என் தேர்வு. அதில் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும்.

கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த லிண்டா மேன்சர், ஜாஸ் கலைஞர் பேட் மெத்தனிக்காக 1984-இல் 42 கம்பிகள் கொண்ட பிக்காசோ கிட்டாரைச் செய்தார். எவ்வளவு கம்பி முடியுமோ அவ்வளவு வேண்டும் என்பது மெத்தனியின் கோரிக்கை. அத்தனை கம்பிகளையும் வாசிப்பவர் குனியாமல் பார்க்க வேண்டுமே! மார்பை ஒட்டிய பக்கத்தை மெலிதாகவும் தொடை மேல் அமரும் பக்கத்தைத் தடிப்பாகவும் வைத்து உடலையே சரிவாக்கினார் மேன்சர். மேற்பலகை வாசிப்பவரை நோக்கிச் சாய்ந்தது. கூடவே வலது கையும் இளைப்பாறியது. தோள்வலி உள்ளவர்களும் சிறிய உடல்வாகு கொண்டவர்களும் கட்டாயம் கேட்டுப் பெற வேண்டிய வசதி இது.

கழுத்துக்கு வந்தால் கணக்கு மில்லிமீட்டரில். நட் இருக்கும் இடத்தில் 43 மில்லிமீட்டர் அகலம் கார்டு பிடிக்க வசதி. 44.5 இருந்தால் விரல்களுக்கு இடைவெளி கிடைக்கும். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். ஒரு மணி நேரம் வாசித்த பிறகு கை சொல்லும். கம்பியின் நீளம் 645 மில்லிமீட்டருக்குப் பதில் 632 ஆக இருந்தால் அதே சுருதிக்கு இழுவிசை சுமார் 4 சதவீதம் குறையும். விரல் வலி உள்ளவருக்கு அது பெரிய ஆறுதல். கழுத்தை உடலோடு சேர்க்க வச்சிரம் வைத்து ஒட்டுவதும் உண்டு, போல்ட் போட்டு இறுக்குவதும் உண்டு. நான் போல்ட் பக்கம். எந்த நல்ல கிட்டாருக்கும் ஒரு நாள் கழுத்தின் கோணத்தைத் திருத்த வேண்டி வரும். அன்றைக்கு வேலை சுலபம்.

நம் வாசகர்களுக்கு முக்கியமான ஒன்று ஈரப்பதம். கிட்டார் பட்டறைகள் காற்றின் ஈரத்தை 45 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. சென்னை போன்ற கடலோர ஊர்களின் காற்றில் ஈரம் அதைவிட மிக அதிகம். மேற்பலகை உப்பும், கம்பிகள் உயரும். ஏசி அறைக்குள் போனதும் அதே பலகை சுருங்கும். எந்த ஊரில், எப்படிப்பட்ட அறையில் கிட்டார் இருக்கப்போகிறது என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். கெட்டிப் பெட்டியும் உள்ளே ஈரமானியும் அவசியம்.

ரவிக்கை தைக்கக் கொடுப்பவர் அளவு ரவிக்கையைக் கொண்டுபோவது போல, இப்போது வாசிக்கும் கிட்டாரை எடுத்துக்கொண்டு போங்கள். செய்கிறவர் முன்னால் உட்கார்ந்து வழக்கமாக வாசிப்பதை வாசித்துக் காட்டுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், அவர் செய்த கிட்டார்களில் இரண்டையாவது கையில் வாங்கி வாசித்துப் பாருங்கள். அவை உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் அவரிடம் இருக்கும் மரங்களைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. வேறு கைவினைஞரைத் தேடுங்கள்.